அறுபத்திரண்டாவது கை

நாச்சிமுத்து கிட்டார் பழகத் தொடங்கிய நாலாம் நாள் சாயங்காலம் ஐந்தே காலுக்கு, சி மேஜர் என்கிற ஸ்கேலின் எட்டுச் சுரங்களையும் தப்பும் தடுமாற்றமுமாகக் கீழிருந்து மேலே ஏற்றி முடித்தபோது, சின்னக்கரடு மில் காலனியில் இருபத்தெட்டுப் பேருடைய வலது கை தலைக்கு மேலே எழுந்து நின்றது. ரசம் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு தூக்கினாள், மில் மூடிய பிறகு சவரக்கத்தி பிடித்துப் பிழைத்த சடையப்பன் கத்தியோடு தூக்கினான், கழிப்பறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தண்ணீர் மொண்ட டப்பாவோடு தூக்கி முழுக்க நனைந்தார். அதே சுரங்களை மேலிருந்து கீழே இறக்கியபோது கைகளும் இறங்கின. அவரவர் விட்ட வேலையை அவரவர் தொடர்ந்தார்கள்.

யாரும் கூச்சல் போடவில்லை. ஒரே கேஸ் இருபத்தேழு வருஷமாக நடக்கிற ஊரில் ஆச்சரியப்படுவதற்கு மிச்சத் தெம்பு இருக்காது. முதலாளி பஞ்சாலையைப் பூட்டினான், இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு அனுப்பினான், கோர்ட்டு தடை போட்டதில் கேட்டும் கேட்டுக்கு முன்னால் இருந்த மைதானமும் பஞ்சு குடோனும் மட்டும் அப்படியே நின்றன. கேஸ் முடியும்வரை நாம் மில் தொழிலாளிகள்தான் என்று காலனிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். யார் செத்தாலும் அவருடைய காக்கிச் சட்டையைப் பாடையோடு அனுப்புவதில்லை. டோக்கன் நம்பர் தைத்த பையோடு வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பார்கள். பெண்கள் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு போன சட்டைகளும் அப்படியே தொங்கின. வேலை பார்த்த நூற்று எண்பத்துநாலு பேரில் நூறு பேர் இப்படி ஆணியில் இருந்தார்கள்.

நாச்சிமுத்துவின் சி மேஜருக்கு அந்தச் சட்டைகளிலும் பலவற்றின் வலது கை எழுந்தது. மறுநாள் தண்ணிக் குழாயடியில் சடையப்பனின் மனைவி, "எங்க மாமனார் சட்டையும் நேத்துத் தூக்குச்சு, பல்லி ஒண்ணு உள்ளிருந்து உழுந்துருச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்தக் கிட்டார் நாச்சிமுத்துவுடையதல்ல. மில் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக முப்பது வயதில் ஆனவர் அறுபத்தெட்டு வயதிலும் தலைவராகவே இருந்தார், வேறு யாரும் கேட்கவில்லை. நோட்டீஸ் படித்தே தமிழ் கற்றவர், நோட்டீஸ் எழுதியே ஊரை ஆண்டவர். காலனியில் அவருக்குப் பெயரே கிடையாது. குழந்தைகளும் பஸ் கண்டக்டரும் அவர்மேல் வழக்குப் போட்ட ஏட்டும்கூட அவரைத் தோழர் என்றே கூப்பிட்டார்கள். போன ஆவணியில் லேசான வாதம் வந்து இடது கை விரல்கள் மரத்துப்போயின. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். இரண்டாம் நாள், பக்கத்து வீட்டு அற்புதம் பழைய போர்வையில் சுற்றிய கிட்டாரைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள்.

"அவரோடது. கம்பி துருப்பிடிக்குது. உங்க கைக்கும் ஆகும், கிட்டாருக்கும் ஆகும்" என்றாள்.

அற்புதம் அவரோடு பேசி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய புருஷன் ஆசீர்வாதம் நூல் நூற்கும் ரிங் பிரேமில் நாச்சிமுத்துவுக்கு அடுத்த மிஷினில் நின்றவன், கேட் மீட்டிங்குகளில் கிட்டார் வாசித்துக் கூட்டம் சேர்த்தவன், நாச்சிமுத்துவை மாப்ளே என்று கூப்பிட்ட ஒரே ஆள். அற்புதம் அந்தக் காலத்தில் அண்ணா என்பாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் மெர்சி டீச்சர் ஒரு தாளில் ஆறு ஸ்கேல்களை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தில் எந்த விரல் என்று படம் போட்டிருந்தது. "உங்க விரலுக்கு ஆறும் வேண்டாம். மூணு எடுத்துக்குங்க. எந்த மூணுன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றாள். மூன்று ஸ்கேல்களைத் தேர்ந்தெடுப்பது அறுபத்தெட்டு வயதுக்காரனுக்கு என்ன பெரிய காரியம் என்றுதான் அவரும் நினைத்தார். முதல் வரி சி மேஜர். அதை எடுத்துக்கொண்டார், கைகள் எழுந்தன.

ஐந்தே கால் என்பது ஒரு வாரத்தில் காலனியின் நேரமாயிற்று. பரணில் இருந்து பாத்திரம் எடுக்க வேண்டியவர்கள் அந்த நேரத்துக்குக் காத்திருந்தார்கள், எப்படியும் கை மேலே போகத்தானே போகிறது என்று. டீக்கடைக் குப்புராஜ், ஐந்தே கால் முதல் ஐந்தரை வரை டீ ஆற்றப்படமாட்டாது என்று பலகை எழுதி மாட்டினான். பல வருஷமாகக் காலனியில் நிற்காமல் போன ஏழாம் நம்பர் டவுன் பஸ், ரோட்டோரம் பத்துப் பேர் கை காட்டுவதைப் பார்த்து நிற்க ஆரம்பித்தது. மனுக்கொடுத்தும் மறியல் செய்தும் நிற்காத பஸ் அது. நாச்சிமுத்துவின் மோதிரவிரல் நாலாவது சுரத்தில் மாட்டிக்கொண்டு திணறும் நாட்களில், கைகள் தோள் உயரத்தில் பாதியில் நிற்கும். அப்போது தெருவின் கடைசியிலிருந்து யாராவது சத்தம் கொடுப்பார்கள்: "தோழர், ஒண்ணு ஏத்துங்க, இல்ல எறக்குங்க."

அந்தக் கைகள் எந்தக் கைகள் என்று காலனிக்கு இரண்டாம் வாரம் புரிந்தது. சடையப்பன்தான் சவரம் செய்துகொண்டே கணக்குப் போட்டுச் சொன்னான். வேலைநிறுத்தத்தின் ஐம்பத்தெட்டாம் நாள், தொடருவதா திரும்பிப் போவதா என்று மைதானத்தில் ஓட்டெடுத்தபோது, தொடருவோம் என்று தூக்கிய கைகள் இவை. அன்று தூக்கியதுதான் இன்று தூக்குகிறது. உயிரோடிருப்பவன் கையால் தூக்குகிறான், செத்தவன் சட்டையால் தூக்குகிறான்.

இது தெரிந்தபின் கை எழுகிறவர்கள் தெருவில் நிமிர்ந்து நடந்தார்கள். ஐந்தே காலுக்கு வேண்டுமென்றே வாசலில் வந்து நின்றார்கள். கை எழாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழாயடியில் பேச்சு மாறியது. "உங்க ஊட்டுச் சட்டை என்ன, தூங்குதா?" என்று ஒருத்தி கேட்க, கேட்கப்பட்டவள் பாதிக் குடத்தோடு திரும்பிப் போனாள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை பார்த்த பாப்பாத்திக்குக் குப்புராஜ் கடையில் டீயை மேசையில் தள்ளி வைத்தார்கள், கையில் கொடுக்கவில்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் பேச்சில் இருந்த ஒரு சொல், கருங்காலி என்ற சொல், மறுபடி தெருவில் நடமாடியது. அந்தச் சொல்லை ஊருக்கு அச்சடித்துக் கொடுத்தவர் தன் வீட்டுக் கட்டிலில் கிட்டாரோடு உட்கார்ந்து அதைக் கேட்டார்.

தாளின் இரண்டாவது வரி ஏ மைனர். அதை அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தார். முதல் சுரத்துக்கு விரலே வைக்க வேண்டாம், ஐந்தாம் கம்பியை வெறுமனே தட்டினால் போதும். தட்டினார். இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். மூன்றாவது சுரத்தில் ஜன்னல் வழியே பார்த்தார். அற்புதத்தின் வீட்டுச் சுவரில் ஆசீர்வாதத்தின் காக்கிச் சட்டை, டோக்கன் நம்பர் நூற்றுப் பதினெட்டு, வலது கையில் காற்றுப் புகுந்ததுபோல உப்பி முழங்கை வரை எழும்பியது. உள்ளங்கையால் ஆறு கம்பிகளையும் அமுக்கினார். பிறகு அந்த இரண்டாம் வரி தெரியாதபடி தாளை மடித்து வைத்தார்.

மூன்றாவது வரியையும் ஐந்தாவது வரியையும் எடுத்துக்கொண்டார். ஜி மேஜருக்குக் காலனியில் எல்லாருக்கும் தோள் குலுங்கியது, அவ்வளவுதான். ஐந்து சுரம் மட்டுமே உள்ள பெண்டாடோனிக்குக்குக் கொட்டாவி வந்தது. ஆக மூன்று ஸ்கேல்கள். டீச்சர் சொன்ன எண்ணிக்கை சரியாக இருந்தது. எண்ணிக்கை சரியாக இருப்பதுபோலக் காட்டுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

அந்த ஐம்பத்தெட்டாம் நாளை அவர் மறந்ததே இல்லை. மைதானம் குடோனைச் சுற்றி ட வடிவில் மடங்கியிருக்கும். கேட்டுப் பக்கம் நிற்பவனுக்குக் குடோனுக்கு அப்புறம் நிற்பவன் தெரியமாட்டான், அவனுக்கு இவன் தெரியமாட்டான். பஞ்சுப் பொதிமேல் ஏறி நின்ற தலைவனுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். வேலைக்குத் திரும்பலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஆள்காட்டி விரலை நீட்டி, கேட்டுப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். அறுபத்தொன்றில் குடோன் மூலைக்கு வந்தார். மூலைக்கு அப்பால் கைகள் நாற்றுப்போல நின்றன. எண்ணி முடித்தால் என்ன வரும் என்று எண்ணாமலே தெரிந்தது.

இன்னும் பத்து நாளில் முதலாளி பணிவான் என்று அவர் நம்பினார். காரில் வந்து போன பெரிய தலைவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இப்போது திரும்பிப் போனால் கைகட்டிய அடிமைகளாகத்தான் போவோம் என்று அவர் முந்தின நாள் நோட்டீசில் எழுதியிருந்தார், எழுதிய வரியை விட்டு இறங்க அவருக்குத் தெரியாது. விரலை மடக்கினார். கையைக் கீழே போட்டார். தொடருவோம் என்கிறவர்கள் என்று மைக்கில் கேட்டார், கைகள் எழுந்தன, அவற்றை எண்ணவே இல்லை. "பெரும்பான்மை தோழர்களே, போராட்டம் தொடர்கிறது" என்றார். கேட்டுப் பக்கம், குடோனுக்கு அப்புறம் இருப்பவர்கள் எல்லாம் தொடரச் சொன்னவர்கள்போல என்று நினைத்தது. குடோனுக்கு அப்புறம், கேட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி அதையே நினைத்தது.

மூலையில் நின்றவன் ஆசீர்வாதம். இரண்டு பக்கமும் தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். பொதியடிக்கு வந்து, கத்தாமல், காதோரம் கேட்டான்: "எண்ணி முடிச்சியா மாப்ளே?"

அதற்குப் பதிலாக மறுநாள் நோட்டீஸ் வந்தது. கருங்காலிகளை அடையாளம் காண்பீர் என்ற தலைப்பில், டோக்கன் நம்பரோடு ஒரே ஒரு பெயர். அந்த வாரமே காலனிக் குழாயில் அற்புதத்தின் குடம் ஒதுக்கி வைக்கப்பட்டது. அவள் சர்ச்சுக் கிணற்றுக்குப் போனாள், இன்றுவரை அங்கேதான் போகிறாள். தொண்ணூற்றாறாம் நாள் மில் மூடியது. எல்லாரும் வெட்டியான நாட்களிலும் ஆசீர்வாதம் மட்டும் தனியாக வெட்டியாக இருந்தான், யாரும் அவனைச் சீட்டாடக்கூடக் கூப்பிடவில்லை. மூன்று வருஷம் இருந்தான். யாரிடமும் எதையும் சொல்லாமல் செத்தான். இது உங்கள் முடிவு, பெரும்பான்மையின் முடிவு, நான் நிறைவேற்றியவன் மட்டும்தான் என்று நாச்சிமுத்து ஒவ்வொரு வருஷமும் ஓட்டெடுத்த நாளில் கேட்டில் கொடியேற்றிப் பேசினார்.

இந்த வருஷமும் அந்த நாள் நெருங்கியது. குப்புராஜும் சடையப்பனும் வந்து உட்கார்ந்தார்கள்.

"பேச்சு வேண்டாமுங்க தோழர், அது எல்லாருக்கும் மனப்பாடம்" என்றான் குப்புராஜ். "கிட்டாரக் கொண்டாந்துருங்க. வெளியூர்ல இருக்கறவங்களையும் வரச் சொல்லிட்டோம். செத்தவங்க சட்டைய எல்லாம் குச்சில மாட்டிக் கொண்டாறோம். அன்னைக்கு நின்ன எடத்துலயே அவங்கவங்க நிக்கட்டும். அந்த சி மேஜரப் போட்டு உடுங்க. பேரப் பசங்க பாக்கட்டும்."

"நான் எண்ணிச் சொல்றேன்" என்றான் சடையப்பன். "எத்தன பேரு வீரன்னு தெரிஞ்சுக்கலாமில்ல."

அவர்கள் போனபின் அற்புதம் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உதறிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள். "அந்தத் தாள்ல இன்னும் எத்தன வரி இருக்குதுங்க?"

"இருக்குது. விரல் ஒத்துக்கறதில்ல."

"ஏ மைனர்தான் அவரு மொதல்ல கத்துக்கிட்டது. மொதச் சுரத்துக்கு வெரலே வேண்டாம்பாரு. சி மேஜர்ல இருக்கற அதே சுரங்கதான், வேற எடத்துல இருந்து தொடங்கணும், அவ்வளவுதான்னு எனக்குக்கூடச் சொல்லுவாரு." ஈரச் சேலையைக் கொடியில் போட்டாள். "எனக்கு மில்லு வேலை இல்ல. அதனால எனக்கு எந்தக் கையும் எந்திரிக்காது. அவரு சட்ட அன்னைக்கு ஒரு நாளு மொழங்கை வரைக்கும் வந்துது. அப்பறம் வரல."

அவள் உள்ளே போனாள். நாச்சிமுத்து தாளை எடுத்து மடிப்பை நீவினார். மடிப்பு விழுந்த இடத்தில் மை உதிர்ந்து ஏ மைனர் பாதி அழிந்திருந்தது. படித்துவிட முடிந்தது.

அந்த நாளில் நாலரைக்கெல்லாம் மைதானம் நிறைந்தது. எழுபத்தோரு பேர் தங்கள் காலிலும் நூறு பேர் குச்சியிலும் வந்தார்கள். பதின்மூன்று பேருடைய முகவரி யாருக்கும் தெரியவில்லை. அவரவர் அன்று நின்ற இடத்தை மறக்கவில்லை, கூட்டம் தானாகக் குடோனைச் சுற்றி மடங்கி நின்றது. அற்புதம் நூற்றுப் பதினெட்டைக் கையில் பிடித்தபடி குடோன் மூலையில் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டடி நகர்ந்துகொண்டார்கள். பஞ்சுப் பொதி இல்லை. இரண்டு பெஞ்சை அடுக்கி நாச்சிமுத்துவை ஏற்றிவிட்டார்கள்.

சி மேஜர் போட்டார். கைகள் எழுந்தன, சட்டைகள் எழுந்தன. சடையப்பன் தன் வலது கையைத் தூக்கியபடியே மூலைக்கு மூலை ஓடி எண்ணிவிட்டு வந்தான். "எழுவத்திநாலு" என்று சத்தமாகச் சொன்னான். கேட்டுப் பக்கத்தில் கைதட்ட முடியாததால் வாயால் சத்தம் கொடுத்தார்கள். அவர் இறக்கினார், கைகள் இறங்கின. எழுபத்திநாலு என்பது நூற்று எண்பத்துநாலில் எத்தனை என்று யாரும் யோசிக்கவில்லை. மிச்சமுள்ளவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பாப்பாத்தி வீட்டுக்குப் போகத் திரும்பினாள். கூட்டம் கலையப்போகிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. கலைந்தால் இனி ஒவ்வொரு சாயங்காலமும் இப்படித்தான், அவர் சாகும்வரை, ஒரு பக்கம் நிமிர்ந்தும் ஒரு பக்கம் குனிந்தும்.

விரல் எதையும் வைக்காமல் ஐந்தாம் கம்பியைத் தட்டினார்.

பாப்பாத்தி நின்றாள். அவர் ஒவ்வொரு சுரமாக ஏறினார், மோதிரவிரல் மாட்டவில்லை. கேட்டுப் பக்கத்தில் விட்டு விட்டு, குடோனுக்கு அப்புறம் நெருக்கமாக, கைகள் எழுந்தன. எட்டாவது சுரத்தில் எல்லாம் உச்சிக்குப் போய் நின்றன. அப்போது நாச்சிமுத்துவின் வலது கை கம்பியை விட்டு எழுந்தது. மற்றவர்களுடைய கைபோல விரிந்து எழவில்லை. ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, இருபத்தேழு வருஷத்துக்கு முன் மடக்கிய இடத்திலிருந்து எழுந்தது.

அவரால் அதை இறக்க முடியவில்லை. அது இறங்காமல் கிட்டார் வாசிக்க முடியாது, கிட்டார் வாசிக்காமல் யாருடைய கையும் இறங்காது. கூட்டத்துக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எண்ணுங்க தோழர்" என்றாள் பாப்பாத்தி. "சீக்கிரம் எண்ணுங்க. எனக்கு மூட்டு வலி."

எண்ணினார். கேட்டுப் பக்கத்திலிருந்து, அன்று எண்ணிய அதே வரிசையில், ஆட்களையும் சட்டைகளையும் எண்ணினார். அறுபத்தொன்றில் குடோன் மூலைக்கு வந்தார். விரல் அங்கே நின்றது. அற்புதம் குச்சியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். சட்டையின் கை நேராக, மடிப்பில்லாமல், அவரைப் பார்த்து நின்றது.

"அறுபத்திரண்டு" என்றார்.

பிறகு மூலையைத் தாண்டினார். தொண்ணூற்றேழில் கைகள் முடிந்தன. சடையப்பன் தன் இறங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையில் விட்டுக்கொண்டான்.

"எண்ணி முடிச்சாச்சுங்களா?" என்று கேட்டாள் அற்புதம்.

"முடிச்சுட்டேன். தொண்ணூத்தேழு. அன்னைக்கு அறுபத்தொண்ணோட நிறுத்திட்டேன். ஆசீர்வாதம் அதத்தான் கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல."

குடோனுக்கு அப்புறமிருந்து ஒரு குரல் வந்தது. "இந்தப் பக்கம் கேக்கலைங்க."

அன்று ஆசீர்வாதம் கேட்டதும் அந்தப் பக்கம் எட்டவில்லை. நாச்சிமுத்து கிட்டாரை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரல் நீட்டி நின்றது நின்றபடி, பெஞ்சிலிருந்து ஒருவரும் கை கொடுக்காமல் இறங்கி, குடோன் மூலை வரை நடந்தார். அற்புதத்தின் பக்கத்தில், அன்று ஆசீர்வாதம் நின்ற இடத்தில் நின்று, மைக் இல்லாமல், இரண்டு பக்கமும் கேட்கும்படி முதலிலிருந்து சொன்னார். நோட்டீசையும் சொன்னார். அதன்பின்தான் விரல் மடங்கி கை கீழே வந்தது.

ஏ மைனரை மேலிருந்து கீழே இறக்கினார். தொண்ணூற்றேழு கைகள் இறங்கின. தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஜனங்கள் கலைந்தார்கள். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்து அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பார். கேஸ் முடியவில்லை என்பதால் சட்டைகள் ஆணிக்குத் திரும்பிப் போயின. நூற்றுப் பதினெட்டை மட்டும் அற்புதம் குச்சியிலிருந்து கழற்றி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு காலனிக் குழாய்க்கு வந்தாள். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். "பரவால்ல, வரிசைலயே வாறேன்" என்று கடைசியில் போய் நின்றாள்.

நாச்சிமுத்து கிட்டாரை அவள் வாசற்படியில் போர்வை சுற்றி வைத்துவிட்டு, குப்புராஜ் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கேட்காமலே ஒரு டீ வந்தது. மேசையில் தள்ளி வைக்கப்பட்டது. கையால் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாச்சிமுத்தண்ணா" என்றான் குப்புராஜ், பாய்லரைப் பார்த்தபடி. "டீ ஆறுது."

அது தன்னைத்தான் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.